மீண்டும் கேட்பதா, புதிதாய்க் கேட்பதா?

 

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் நெடுஞ்சாலையில், படப்பையைக் கடந்து ஒரகடத்தை எட்டுவதற்கு முன் வரும் ஊர் சேரப்பணஞ்சேரி. ஏரியும் வயலுமாக இருந்த இவ்வட்டாரத்தின் முகம் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் மாறிவிட்டது. 1996ஆம் ஆண்டில் தென்கொரிய நாட்டு ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 1998இல் அதன் முதல் கார் வெளிவந்தது. 2007இல் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தன் ஆலையைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் கார் ஆலையும், 2012இல் ஜெர்மனியின் டைம்லர் லாரி ஆலையும் திறக்கப்பெற்றன. 2015இல் வல்லம் வடகாலில் யமஹாவின் மோட்டார் சைக்கிள் ஆலை இயங்கத் தொடங்கியது.

ஆலைகள் இயந்திரங்களோடு மொழிகளையும் கொண்டுவந்தன. செய்ரி, செய்தோன், செய்சோ, செய்கெத்சு, ஷித்சுகே என்னும் ஐந்து ஜப்பானியச் சொற்களை '5 எஸ்' என்ற பெயரில் அறியாத ஆலைத் தொழிலாளர் இங்கே அரியர். தரம் பிரித்தல், ஒழுங்காய் வைத்தல், துப்புரவு செய்தல், அந்நிலையைக் காத்தல், அதனைப் பழக்கமாக்குதல் என்பன அவற்றின் கருத்துகள். நம் பிள்ளைகள் இவற்றோடு நின்றுவிடவில்லை. சென்னையில் ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாய் மையத்தில் ஜப்பானிய மொழியும், 2006இல் நிறுவப்பெற்ற இன்கோ மையத்தில் கொரிய மொழியும், மாக்ஸ்முல்லர் பவனில் ஜெர்மன் மொழியும் கற்பிக்கப்படுகின்றன. 2019ஆம் ஆண்டில் ஜப்பான் அரசு அயல்நாட்டுத் தொழில்திறனாளர்களுக்கெனத் தனி விசா முறையைத் தொடங்கியது. 2021 ஜனவரியில் அதற்கான உடன்பாட்டில் இந்தியாவும் கையொப்பமிட்டது. அவ்விசாவுக்கு ஜப்பானிய மொழித் தேர்ச்சி இன்றியமையாதது என்பதால், மொழி வகுப்பை நாடும் இளைஞர் தொகை பெருகி வருகிறது.

இவர்களும் இவர்களைப் பெற்றோரும் அடிக்கடி எழுப்பும் வினா ஒன்றுண்டு. "எழுத்து வந்துவிட்டது, இலக்கணமும் ஓரளவு வந்துவிட்டது. பேச்சு மட்டும் காதில் ஏறவில்லை. செவிப்பயிற்சிக்கு ஒரே ஒலிப்பதிவைப் பலமுறை கேட்பது நல்லதா? அன்றி, நாள்தோறும் புதிது புதிதாய்க் கேட்பது நல்லதா?" என்பதே அது. ஆசிரியர்களுள் சிலர் முன்னதை வலியுறுத்துகின்றனர்; சிலர் பின்னதை வலியுறுத்துகின்றனர். இரவு ஷிப்ட் முடித்து வந்து, உறக்கத்தைக் குறைத்துக்கொண்டு, ஊதியத்தில் ஒரு பகுதியைக் கட்டணமாகக் கட்டிப் படிக்கும் ஒருவருக்கு இது வெறும் பேச்சுப் பொருளன்று. கிடைக்கும் அரை மணி நேரத்தை எதில் செலவிடுவது என்னும் வாழ்க்கைக் கேள்வி.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் அமைப்பைப் பார்த்தால் இதன் அவசியம் புரியும். மொத்த மதிப்பெண் 180. அதில் கேட்டலுக்கு 60. அந்த 60இல் 19க்குக் குறைந்துவிட்டால், ஏனைய பகுதிகளில் எத்துணை சிறப்பாக எழுதியிருப்பினும் தேர்ச்சியில்லை. ஒலிப்பதிவோ ஒரே ஒருமுறைதான் ஒலிக்கும். "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்க அங்கே ஆளில்லை.

செவி ஏன் தடுமாறுகிறது?

நம் மதரஸாக்களில் ஓதும் சிறு பிள்ளைக்கும் தெரிந்த எடுத்துக்காட்டொன்று உண்டு. அரபியில் உள்ளத்தைக் குறிக்கும் சொல்லையும் நாயைக் குறிக்கும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'கல்பு' என்றே வரும். முதலாவதின் தொடக்கம் தொண்டையை ஒட்டி அடிநாவில் பிறக்கும் காஃப். இரண்டாவதின் தொடக்கம் அதற்குச் சற்று முன்னே பிறக்கும் கஃப். பழகாத காதுக்கு இரண்டும் ஒன்றே. உஸ்தாதின் வாயைப் பார்த்து, அவர் ஒலியைக் கேட்டு, திருப்பிச் சொல்லித் திருத்தம் பெற்ற பின்னரே இவ்வேறுபாடு செவியில் படிகிறது.

நம் முன்னோர் தமிழை அரபி எழுத்தில் எழுதி அரபுத் தமிழ் வளர்த்தபோது, அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கெனப் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டனர். ஒரு மொழியின் எழுத்து மற்றொரு மொழியின் ஒலிக்கு அப்படியே பொருந்தாது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர்.

ஜப்பானிய மொழியில் தங்கத்திற்குக் 'கின்' என்று பெயர். வெள்ளிக்கும் தமிழெழுத்தில் 'கின்' என்றுதான் எழுதியாக வேண்டும். ஆனால் அதன் ககரம், 'தங்கம்' என்ற நம் சொல்லின் நடுவே வரும் ககரத்தைப்போல் மெலிந்து ஒலிக்கும். தமிழில் இவ்விரு ககரங்களும் பொருளை மாற்றுவதில்லை. ஆகவே நம் செவி இளமை முதலே அவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் பழகிவிட்டது.

கொரிய மொழியில் இடர் இன்னும் பெரிது. தமிழெழுத்தில் 'புல்' என்று எழுதத்தக்க சொற்கள் அங்கே மூன்று உள்ளன. பகரத்தை இறுக்கமின்றி இயல்பாய் ஒலித்தால் நெருப்பு. மூச்சுக் காற்று வெளிப்பட ஒலித்தால், வியப்பாக, நம் தமிழைப் போலவே புல். காற்று வெளிப்படாமல் தொண்டையை இறுக்கி ஒலித்தால் கொம்பு. ஆலைக்குள் ஒருவர் 'நெருப்பு' என்று கூவும்போது அது புல்லா, கொம்பா, நெருப்பா என்று ஆராய்ந்து கொண்டிருக்க நேரமேது? செவிப்பயிற்சி தேர்வுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இவ்வொரு சொல்லே போதும்.

தமிழர்க்கு வாய்ப்பான இடங்களும் இல்லாமலில்லை. குறிலும் நெடிலும் நம் மொழியின் அடித்தளம். 'பல்' வேறு, 'பால்' வேறு என்று குழந்தையும் அறியும். எனவே அத்தை முறையாரைக் குறிக்கும் 'ஒபசான்' என்பதையும், பாட்டியைக் குறிக்கும் 'ஒபாசான்' என்பதையும் பிரித்தறிவது, அந்நீட்டம் இல்லாத மொழியினரைவிட நமக்கு எளிது. 'கிதே' என்றால் வந்து. 'கித்தே' என்றால் தபால் தலை. ஒற்று மிகுவதால் பொருள் மாறுவதும் நமக்குப் புதிதன்று. வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருவது ஜப்பானியத்திற்கும் கொரியத்திற்கும் தமிழுக்கும் பொதுவான இயல்பு. ஆதலால் நம் பிள்ளைகள் மனம் தளர வேண்டியதில்லை. எங்கே செவி தடுக்குகிறது என்பதை அறிந்து, அவ்விடத்தில் உழைக்க வேண்டும்.

தடுக்கலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடலாம். பேச்சில் அவ்விடைவெளி இல்லை. 'என்ன செய்துகொண்டிருக்கிறாய்' என்பதை நாம் வீட்டில் எவ்வளவு சுருக்கிப் பேசுகிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். அயலார் ஒருவர் நூலில் படித்த தமிழோடு நம் வீட்டு முற்றத்தில் வந்து நின்றால் திகைத்துப் போகாரோ? நம் பிள்ளைகளின் நிலையும் அதுவே. சொற்களைத் தனித்தனியே அறிவர். அவை பிணைந்து ஓடிவரும்போது அடையாளம் காணார்.

மீண்டும் கேட்பதன் பயன்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பேசும்போது, கேட்போர் நன்கு விளங்கிக்கொள்ளும் பொருட்டு ஒரு சொல்லை மும்முறை திரும்பக் கூறுவார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவித்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. தாய்மொழியில் கேட்ட தோழர்களுக்கே அது நன்மை பயந்தது எனில், அயல்மொழி கற்போருக்குக் கூறவும் வேண்டுமோ?

அரபிக் கல்லூரி மாணவர்கள் அறிந்த 'தஃலீமுல் முதஅல்லிம்' என்னும் நூலில் இமாம் ஸர்நூஜி அவர்கள் கற்போருக்கு ஒரு கணக்கு வகுத்துத் தருகிறார்கள். நேற்றைய பாடத்தை ஐந்து முறையும், அதற்கு முந்தைய நாளின் பாடத்தை நான்கு முறையும், அதற்கும் முந்தியதை மூன்று முறையும், இவ்வாறே இரண்டு, ஒன்று எனக் குறைத்தும் ஓதி வரவேண்டும் என்பது அக்கணக்கு. பல நூற்றாண்டுகள் கழித்து, 1885இல், ஜெர்மன் அறிஞர் எப்பிங்ஹாஸ் மறதியைப் பற்றித் தம்மையே சோதித்து ஒரு நூல் வெளியிட்டார். கற்றது முதற் சில மணி நேரங்களில்தான் மிக விரைவாக நழுவுகிறது என்றும், ஒரே மூச்சில் ஓதுவதைவிடப் பல நாட்களுக்குப் பிரித்து ஓதுவது நிலைக்கும் என்றும் அவர் கண்டார். ஓதும் பள்ளிகளில் சபக் எனப்படும் புதுப்பாடத்தோடு, அண்மைப் பாடத்தையும் பழைய பாடத்தையும் நாள்தோறும் சேர்த்து ஓதச் செய்வதன் காரணமும் இதுவே. கட்டிவைத்த ஒட்டகத்தைக் கவனியாவிட்டால் ஓடிவிடுவதுபோல் குர்ஆன் மனனமும் நழுவும் என்று நபிமொழியில் எச்சரிக்கப்பட்டிருப்பதை ஹாபிழ்கள் அனைவரும் அறிவர்.

செவிப்பயிற்சியில் மீண்டும் கேட்கும்போது உண்மையில் என்ன நிகழ்கிறது? முதல் முறை கேட்கையில் பேச்சு ஒரே இரைச்சலாகத் தோன்றும். இரண்டாம் முறை தெரிந்த இரண்டொரு சொற்கள் தலைகாட்டும். மூன்றாம் முறை ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது புலப்படும். அடுத்த முறைகளில் சிறு இடைச்சொற்களும் விகுதிகளும் தெளியும். முதல் முறை முழுக் கவனத்தையும் பொருளுக்கே செலவிட்ட மனம், பொருள் தெரிந்த பின் ஓய்வு பெற்று ஒலியைக் கவனிக்கிறது. வளைகுடாவிலிருந்து கணவர் பேசி அனுப்பிய ஒலிநாடாவை அக்காலத்தில் நம் தாய்மார்கள் எத்தனை முறை கேட்டிருப்பார்கள்! முதலில் செய்தி மட்டும் காதில் விழும். பிறகு குரலின் தளர்வு விழும். அதன் பிறகு பின்னணியில் ஓடிய மின்விசிறியின் ஓசைகூட விழும். மீண்டும் கேட்பது செவியைக் கூர்மையாக்கும் என்பதற்கு அதுவே சான்று.

அதில் மறைந்துள்ள ஏமாற்று

இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். ஒரே பதிவை இருபது, முப்பது முறை கேட்டவர், "இப்போது எல்லாம் விளங்குகிறது" என்று மகிழ்கிறார். விளங்குவது செவியாலா, நினைவாலா? அடுத்து வரும் சொல் அது வருமுன்பே அவர் மனத்தில் ஒலித்துவிடுகிறது. அந்நிலையில் செவி வேலை செய்வதை நிறுத்திவிட்டது, நினைவே பேசிக்கொண்டிருக்கிறது.

ஹிப்ழு மதரஸாவில் தேர்வு எடுப்பவர் பிள்ளையை அத்தியாயத்தின் முதலிலிருந்து ஓதச் சொல்வதில்லை. பக்கத்தின் நடுவிலிருந்து ஒரு வசனத்தைத் தொடங்கிக் கொடுத்து, "இங்கிருந்து ஓது" என்பார். ஒன்றுக்கொன்று ஒத்த வசனங்களை எடுத்துக் கொடுத்துப் பிள்ளை வேறு அத்தியாயத்திற்குத் தாவுகிறதா என்று கவனிப்பார். வரிசைப் பழக்கத்தால் மட்டும் ஓடிவந்த மனனம் அங்கே நின்றுவிடும். உண்மையில் பதிந்த மனனம் தொடரும். அயல்மொழிக்கும் இத்தகைய நடுப்பக்கக் கேள்வி தேவை. புதிய பதிவே அக்கேள்வி.

மீண்டும் கேட்பது மட்டுமே மொழியறிவு தருமெனில், நம்மைவிடச் சிறந்த அரபி அறிஞர் உலகில் இருக்க முடியாது. கடமையான தொழுகையில் மட்டும் நாளொன்றுக்கு 17 ரக்அத்துகள். ஒவ்வொன்றிலும் ஃபாத்திஹா அத்தியாயம் இடம்பெறுகிறது. நாற்பதாண்டுகள் தொழுதவரின் வாழ்வில் அது ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ரக்அத்துகள். எனினும் அதிலுள்ள சொற்களின் பொருளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தெரியாதோர் நம்மில் எத்துணைப் பேர்! ஓதுவதன் நன்மையும் வணக்கத்தின் பேறும் வேறு. அவற்றை அளக்க நாம் யார்? மொழி கற்றல் என்ற ஒரு கோணத்திலிருந்து மட்டுமே இதைச் சொல்கிறேன். பொருளோடு இணையாத திரும்பக் கேட்டல் ஒலியைத்தான் பதிக்கும், கருத்தைத் தராது.

புதிது கேட்பதன் நிறையும் குறையும்

ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அரை மாதத்திற்குள் கற்றுக்கொண்டதாகவும், அதன்பின் யூதர்களுக்குக் கடிதம் எழுதுவதும் அவர்களிடமிருந்து வந்த கடிதங்களை நபியவர்களுக்குப் படித்துக் காட்டுவதும் தம் பணியாயிற்று என்றும் அவர்களே அறிவிப்பது திர்மிதியில் உள்ளது. வரும் கடிதம் ஒவ்வொன்றும் புதிதன்றோ? கற்றது பயன்பாட்டில் நாள்தோறும் சோதிக்கப்பட்டது.

பிழைப்புக்காக வளைகுடா சென்ற நம் சகோதரர்களும் அவ்வாறே. இலக்கண நூலைத் தொடாமலே, கடையிலும் கட்டடப் பணியிலும் பல நாட்டவர் பேசக் கேட்டு, அரபியும் உருதுவும் இந்தியும் விளங்கிக்கொண்டார்கள். எந்தக் குரலில் சொன்னாலும், எவ்வளவு விரைந்து சொன்னாலும் அவர்களுக்கு விளங்கும். புதிது கேட்பதன் வலிமை அது. ஆயினும் முப்பதாண்டு இருந்தும் சில நூறு சொற்களோடு நின்றுவிட்டவர்கள் அவர்களில் பலர். காரணம், காதில் விழுந்த புதுச்சொல்லைப் பிடித்து நிறுத்தி மீண்டும் கேட்க அவர்களுக்கு வாய்ப்பில்லை. ஓடுகிற ஆற்றில் கை நனைந்தது, குடம் நிறையவில்லை.

இன்று வீடுகளில் வேறொரு காட்சியைக் காண்கிறோம். பெண்பிள்ளைகள் கொரியத் தொடர்களை மணிக்கணக்கில் பார்க்கிறார்கள். "மொழிப் பயிற்சிக்காக" என்றும் காரணம் சொல்கிறார்கள். அடியில் ஆங்கில எழுத்தோ தமிழெழுத்தோ ஓடிக்கொண்டிருக்கையில் கண் படிக்கிறது, செவி உறங்குகிறது. காட்சியும் முகபாவமும் கதையை உணர்த்திவிடுவதால் கேட்டு விளங்கியதாக ஒரு மயக்கம் உண்டாகிறது. எழுத்தை மறைத்துவிட்டு, திரையையும் பாராமல், ஐந்து நிமிடம் ஒலியை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். உண்மை நிலை அவர்களுக்கே விளங்கும்.

புதியதாயினும் அது தாங்கும் அளவினதாக இருத்தல் வேண்டும். ஹில்டே வான் ஸீலாண்ட், நார்பர்ட் ஷ்மிட் என்னும் இரு மொழியியலார் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றில், கேட்கும் கதையிலுள்ள சொற்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து தெரிந்திருப்பின் பெரும்பாலோர் அதனை நன்கு விளங்கிக்கொள்ள இயலும் என்று கண்டனர். ஆகவே தொடக்க நிலையில் இருப்பவர் ஜப்பானியச் செய்தி ஒலிபரப்பைக் கேட்டு மலைப்பதில் பயனில்லை. தம் பாடநூலைவிடச் சற்று எளிதான புதுப் பதிவே அவருக்கு உகந்தது.

சொல் பழையது, குரல் புதியது

அப்படியாயின் விடை யாது? இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதே பிழை. மேலே கூறிய ஸர்நூஜி இமாம் அவர்கள், திரும்ப ஓதுதலை இத்துணை வலியுறுத்திய அதே நூலில், ஒரு மணி நேரம் பிறரோடு வினவி விடையளித்துக் கலந்து பேசுவது ஒரு மாதம் திரும்ப ஓதுவதினும் மேலானது என்னும் கருத்தையும் எடுத்துரைக்கிறார்கள். முரணாகத் தோன்றும் இவ்விரண்டும் முரணல்ல. திரும்ப ஓதியவனே கலந்து பேச அவைக்கு வர முடியும். அவைக்கு வந்தவனே தான் ஓதியது பதிந்ததா என்பதை அறிய முடியும்.

இதற்கு அறிவியல் சான்றும் கிட்டியுள்ளது. ஆங்கிலத்தின் ரகர லகர ஒலிகளைப் பிரித்தறிவது ஜப்பானியருக்குப் பெரும் இடர். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் டேவிட் பிசோனியும் அவர்தம் குழுவினரும் ஜப்பானியருக்கு இவ்வொலிகளில் பயிற்சி அளித்து ஆராய்ந்தனர். இரட்டைச் சொற்களை ஒலிக்கச் செய்து, கேட்டது எது என்று சொல்லவைத்து, சரியா தவறா என்று உடனுக்குடன் உணர்த்துவதே பயிற்சி. ஒரே மனிதரின் குரலில் பயின்றவர்கள் அக்குரலில் முன்னேறினார்கள். ஆனால் வேறொருவர் அதே வகைச் சொற்களைக் கூறியபோது அம்முன்னேற்றம் கைகொடுக்கவில்லை. பல மனிதர்களின் குரலில் பயின்றவர்களோ, அதுவரை கேட்டறியாத குரலிலும் இரு ஒலிகளையும் முன்னைவிட நன்றாகப் பிரித்தறிந்தனர். பிந்திய ஆய்வுகளில் இத்திறன் மூன்று மாதம் கழித்தும் நிலைத்திருக்கக் கண்டனர்.

இந்த ஆய்வின் உட்பொருளைக் கூர்ந்து நோக்குங்கள். ஒலி வேறுபாடு திரும்பத் திரும்ப வந்தது. குரல் மாறி மாறி வந்தது. மீண்டும் கேட்டலும் புதிது கேட்டலும் ஒரே பயிற்சியில் கைகோத்தன.

திருமறையின் நடையிலும் நாம் இதைக் காண்கிறோம். மூஸா (அலை) அவர்களின் வரலாறு அல்பகராவில் வருகிறது, அல்அஃராஃபில் வருகிறது, தாஹாவிலும் அஷ்ஷுஅராவிலும் அல்கஸஸிலும் வருகிறது. வரலாறு ஒன்றே, சொல்லமைப்பும் தொடங்கும் இடமும் விரிவும் சுருக்கமும் இடத்துக்கு இடம் வேறு. ஓரிடத்தில் விளங்காதது மற்றோரிடத்தில் விளங்கும். ஓரிடத்தில் அறிந்த சொல் மற்றோரிடத்தில் பழைய நண்பராய் எதிர்கொள்ளும்.

நடைமுறையில் கொள்ள வேண்டுவன

நாளொன்றுக்கு அரை மணி நேரமே கிடைக்கும் ஒருவருக்காக ஓர் ஒழுங்கைக் கூறுகிறேன். ஜப்பானியம், கொரியம், ஜெர்மன், ஆங்கிலம் எதுவாயினும் இது பொருந்தும்.

முதலாவது, எழுத்து வடிவமும் உடனுள்ள ஒரு சிறு பதிவைத் தெரிந்தெடுங்கள். ஒரு நிமிட அளவே போதும். எழுத்தைப் பாராமல் மும்முறை கேளுங்கள். கேட்டவற்றை, பிழையாயினும், தாளில் எழுதுங்கள். எழுதும் கை செவியைப் பொய் சொல்ல விடாது.

இரண்டாவது, இப்போது எழுத்து வடிவத்தோடு ஒப்பிடுங்கள். விடுபட்டது தெரியாத சொல்லா, தெரிந்தும் அடையாளம் காணாத சொல்லா என்று பிரித்துக் குறியுங்கள். முன்னது அகராதியின் வேலை. பின்னதே செவியின் வேலை. அவ்விடத்தை மட்டும் மீண்டும் மீண்டும் கேட்டு, வாய்விட்டுத் திருப்பிச் சொல்லுங்கள். உஸ்தாதின் வாயைப் பின்பற்றி ஓதுவதுபோல் இது.

மூன்றாவது, எழுத்தை மூடிவிட்டு மறுபடி கேளுங்கள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்துவிட்டால் அன்றைக்கு அதை நிறுத்திவிடுங்கள். சொல் வருமுன்பே உங்கள் மனம் அதைச் சொல்லத் தொடங்குவதே நிறுத்துவதற்கான அடையாளம். அதற்கு மேல் கேட்பது நேர விரயம்.

நான்காவது, எஞ்சிய பத்து நிமிடத்தை அதே பொருள் பற்றி வேறொருவர் பேசும் புதுப் பதிவுக்கு ஒதுக்குங்கள். ஆணின் குரலில் பயின்றிருந்தால் பெண்ணின் குரலை, இளைஞரின் குரலில் பயின்றிருந்தால் முதியவரின் குரலைத் தேடுங்கள். கடை பற்றிய உரையாடல் படித்தீர்களா? மற்றொரு கடை உரையாடலைக் கேளுங்கள். இதை இடையில் நிறுத்தாமல் ஒருமுறை கேளுங்கள்; என்ன விளங்கியது என்பதை இரண்டு வரியில் சொல்லிப் பாருங்கள். தேர்வும் தொழிற்கூடமும் உங்களுக்கு அளிக்கப்போவது இந்த ஒருமுறையைத்தான்.

ஐந்தாவது, பழைய பதிவுகளைக் கைவிடாதீர்கள். மறுநாளும், மூன்றாம் நாளும், ஒரு வாரம் கழித்தும் ஒவ்வொரு முறை கேளுங்கள். கம்பெனிப் பேருந்தில் செல்லும் நேரம் இதற்கு மிகவும் ஏற்றது. அயர்ந்த மனத்திற்கும் பழையது சுமையாகாது. புதியதற்கோ விழித்த மனமும் அமைதியான இடமும் வேண்டும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: லாரிகள் இடைவிடாது ஓடும் இந்தச் சாலையில் நடக்கும்போதும் இருசக்கர வாகனம் ஓட்டும்போதும் காதில் எதையும் மாட்டிக்கொள்ள வேண்டாம். அப்போது உங்கள் செவி சாலைக்கே உரியது.

வீட்டிலுள்ளோரும் துணை செய்யலாம். மொழி தெரியாத தாயும் ஹிப்ழு ஓதும் மகனுக்கு முஸ்ஹஃபைக் கையில் வைத்துக்கொண்டு பிழை திருத்துகிறாரே! அதுபோல் எண்களையோ கிழமைகளையோ பதிவிலிருந்து இடம் மாற்றி ஒலிக்கச் செய்து, "இது எது?" என்று கேட்கத் தங்கையாலும் முடியும், மனைவியாலும் முடியும். வரிசை மாறும்போதுதான் பதிந்தது எது, பதியாதது எது என்பது வெளிப்படும். ஆலையில் அயல்நாட்டுப் பொறியாளர் அருகிருந்தால், தயங்காமல் அவர் மொழியில் ஒரு சொல் பேசுங்கள். அவர் தரும் மறுமொழி எந்தப் பதிவிலும் இல்லாத புதுப் பாடம்.

பெற்றோர் ஒன்றை உணர வேண்டும். பிள்ளை ஒரே பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தால் "இன்னுமா அதே பாடம்?" என்று கடிந்துகொள்ளாதீர்கள். நாள்தோறும் புதிது கேட்டுத் தடுமாறினால் "இவ்வளவு பணம் கட்டியும் விளங்கவில்லையா?" என்று இடித்துரைக்காதீர்கள். முன்னது செவியைத் தீட்டும் வேலை; பின்னது தீட்டியதைச் சோதிக்கும் வேலை. சோதனையில் தடுமாறுவது குற்றமன்று. எங்கே மீண்டும் தீட்ட வேண்டும் என்பதை அத்தடுமாற்றமே காட்டிக் கொடுக்கிறது.

இறுதியாக ஒன்று. கொரியத்திற்கும் ஜப்பானியத்திற்கும் நம் பிள்ளைகள் இத்துணை பாடுபடுகையில், இதே முறையை நம் வீட்டின் பழைய ஒலிக்கும் பயன்படுத்தினால் என்ன? செவியில் ஊறிய ஃபாத்திஹாவின் சொற்களுக்கு ஒவ்வொன்றாகப் பொருள் கற்றுக்கொள்ளுங்கள். பின்னர் இமாம் வேறு அத்தியாயங்களை ஓதும்போது அச்சொற்கள் எங்கே வருகின்றன என்று செவி கொடுங்கள். 'ரப்பு' என்ற சொல் எங்கெங்கோ எதிர்ப்படும், 'யவ்ம்' எதிர்ப்படும், 'சிராத்' எதிர்ப்படும். மீண்டும் கேட்டது நம்மிடம் நிறைய இருக்கிறது. இல்லாதது பொருளறிவும், அறிந்த சொல்லைப் புதிய இடத்தில் அடையாளம் காணும் முயற்சியுமே. ஆலைக்காகக் கற்ற முறை ஆன்மாவுக்கும் பயன்படுமாயின் அதனினும் பெரிய ஊதியம் வேறென்ன?

வல்ல நாயன் அல்லாஹ் நம் மக்களின் செவிகளுக்குக் கூர்மையையும், உள்ளங்களுக்குத் தெளிவையும், அவர்தம் உழைப்புக்கு நற்பலனையும் நல்கியருள்வானாக! ஆமீன்.